ஊர்ப்பேச்சும் செவியின் தீர்ப்பும்

ஒருவர் வாய்திறந்து இரண்டு சொற் சொன்னவுடனே அவர் எந்த ஊரார் என்பதை நம் செவி ஊகித்துவிடுகின்றது. அவ்வளவோடு அது அமைவதில்லை. "என்ன இனிமையான பேச்சு" என்றோ, "காதுக்கு ஒவ்வாத பேச்சு" என்றோ அக்கணமே ஒரு தீர்ப்பையும் வழங்கிவிடுகின்றது. பேசியவர் சொன்ன பொருளை நாம் ஆராயுமுன்னரே இத்தீர்ப்பு முடிந்துவிடுகின்றது. ஒரே தமிழை ஊருக்கு ஊர் வெவ்வேறு ஓசையிற் பேசுகின்றோம். அவற்றுட் சில நமக்கு இனிப்பதும் சில கசப்பதும் ஏன்? அந்த இனிமையும் கசப்பும் ஒலியில் உள்ளனவா, அன்றிக் கேட்பவரின் உள்ளத்தில் உள்ளனவா? இவ்வினாவையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

நம் நாட்டுத் தமிழ்ப் பேச்சு பலதிறப்பட்டது. மட்டக்களப்பார் "மறுகா" என்று கதையைத் தொடர்வர். "மனே" என்று பிள்ளையை அழைப்பர். மலையகத்தார் விருந்தினரை "வாங்க, இருங்க" என்று வரவேற்க, யாழ்ப்பாணத்தார் "வாங்கோ, இருங்கோ" என்பர். முஸ்லிம் மக்களின் வீடுகளிலே "வாப்பா, உம்மா, நானா, ராத்தா" என்னும் உறவுப் பெயர்கள் ஒலிக்கும். யாழ்ப்பாணத்துக்குள்ளேயும் வடமராட்சிப் பேச்சு ஒரு வகை, வலிகாமப் பேச்சு ஒரு வகை, தீவகப் பேச்சு இன்னொரு வகை. மண்கும்பானில் பஸ் ஏறிப் பண்ணைத் தாம்போதியைக் கடந்தால் யாழ்ப்பாண நகரை அடைய அதிக நேரம் செல்வதில்லை. அந்தக் குறுகிய தூரத்துக்குள்ளேயே "இது தீவார் பேச்சு" என்று இதழ்க்கடையிற் சிரிப்பவர் உளர். அங்ஙனம் சிரித்த நகரத்தாரே கடல்கடந்து சென்னைக்குச் சென்று பேசத் தொடங்கினால், "மலையாளம் போலிருக்கிறதே" என்று அங்குள்ளோர் நகைக்கின்றனர். நகைத்தவர் நகைக்கப்படுகின்றார். எந்தப் பேச்சும் தன் ஊரிலே இயல்பாகவும் அயலூரிலே விந்தையாகவும் இருக்கின்றது.

ஒலிக்கென்றே ஓர் அழகு உண்டாயின், அது கேட்கும் இடத்துக்கு ஏற்ப மாறக்கூடாது. மாறுகின்றதென்பதற்கு ஆங்கில மொழியே நல்ல சான்று. மெய்யொலிக்கு முன்னும் சொல்லின் இறுதியிலும் வரும் ரகர ஒலியை விட்டுவிட்டு உச்சரிப்பதே இங்கிலாந்தில் உயர்ந்தோர் பேச்சாகக் கொள்ளப்படுகின்றது. அதனை அழுத்தி உச்சரிப்பவர் நாட்டுப்புறத்தாராக எண்ணப்படுவர். அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலோ நிலைமை நேர்மாறானது. 1962ஆம் ஆண்டில் வில்லியம் லபோவ் என்னும் மொழியறிஞர் அந்நகரத்திலே மூன்று பெருங் கடைகளுக்குச் சென்றார். ஒன்று செல்வர் செல்வது, ஒன்று நடுத்தரத்தார் செல்வது, மற்றது எளியோர் செல்வது. "நான்காம் மாடி" என்பதற்குரிய ஆங்கிலச் சொற்களில் இரண்டு ரகரங்கள் வருகின்றன. அவ்விடையையே கூறவேண்டியதாக ஒரு வினாவை அவர் கடைச் சிப்பந்திகளிடம் கேட்டுவந்தார். செல்வர் கடையிலே ரகரம் மிகுதியாக ஒலித்தது. எளியோர் கடையிலே மிகக் குறைவாக ஒலித்தது. ஆகவே, இலண்டனிலே தாழ்ந்ததாக எண்ணப்படும் அதே ஒலி நியூயோர்க்கிலே உயர்ந்ததாகின்றது. ஒலி ஒன்றுதான், அதனை வாயில் வைத்திருப்போரின் நிலையே வேறு.

மற்றொரு சோதனை 1974ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஹவார்ட் ஜைல்ஸ் என்பாரும் அவர்தம் துணைவரும், கிரேக்க மொழி சிறிதும் அறியாத பிரித்தானிய மாணவருக்கு ஏதென்ஸ் நகரப் பேச்சையும் கிறீற் தீவுப் பேச்சையும் ஒலிப்பதிவிற் கேட்பித்தனர். கிரேக்கரிடையே தலைநகரப் பேச்சுக்கு மதிப்பு அதிகம். தீவுப் பேச்சுக்கு மதிப்புக் குறைவு. மொழியறியாத அம்மாணவருக்கோ அவ்விரண்டினுள் ஒன்று இனியது, மற்றது இன்னாதது என்று தோன்றவில்லை. தீவாரைப் பற்றிய கதைகளைக் கேட்டறியாத செவிக்குத் தீவுப் பேச்சிற் குறை புலப்படவில்லை என்பதே இதன் பொருள்.

உரத்துக் கத்துவது எம்மொழியிலும் இன்னாததன்றோ என்று நேயர் வினவலாம். உண்மையே. கடற்காற்றுக்கு எதிரே கூவிப் பழகிய மக்களின் குரல் சற்று உரத்திருப்பதும் இயல்பே. ஆயின் அது குரலின் அளவைப் பொறுத்தது. பேச்சின் தரத்தைப் பொறுத்ததன்று.

அங்ஙனமாயின் விருப்பும் வெறுப்பும் எங்கிருந்து வருகின்றன? முதலாவது காரணம், பேசுவோரின் சமூக நிலை. தமிழகத்திலே சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிற் பிராமணர் பேச்சு, கற்றோர் பேச்சாகக் கதைகளிலும் மேடைகளிலும் பெருவழக்காயிருந்தது. திராவிட இயக்கம் வலுப்பெற்ற பின்னர் அந்நிலை மாறியது. சில பதிற்றாண்டுகளிலே அப்பேச்சு திரைப்படங்களில் நகைச்சுவைக்குரியதாயிற்று. ஒலிகள் மாறவில்லை, அரசியல் மாறியது, செவியும் அதனோடு மாறியது.

இரண்டாவது காரணம், நினைவின் தொடர்பு. பிரித்தானியாவிலே மக்களின் விருப்பத்தைக் கேட்டறியுந்தோறும் பேர்மிங்காம் நகரப் பேச்சு பெரும்பாலும் கடைவரிசையிலேயே நிற்கின்றது. மேற்குப் பகுதி நாட்டுப்புறப் பேச்சுகளைப் பலர் விரும்புகின்றனர். முன்னதைக் கேட்பவருக்கு ஆலைப்புகையும் நெருக்கமான குடியிருப்புகளும் நினைவில் எழுகின்றன. பின்னதைக் கேட்பவருக்குப் பசும்புல்வெளியும் பாற்பண்ணையும் தோன்றுகின்றன. நமக்கும் இப்படியே. இலங்கை வானொலியின் பொற்காலத்திலே மயில்வாகனம், இராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களைத் தமிழகத்தார் விரும்பிக் கேட்டனர்; இலங்கைத் தமிழ் என்றால் திருத்தமான தமிழ் என்று போற்றினர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த "தெனாலி" என்னும் நகைச்சுவைப் படத்திலே கமல்ஹாசன், அச்சமே உருவான ஓர் இலங்கைத் தமிழனாக நடித்தார். அதன் பின்னர் யாழ்ப்பாணத்தார் பேசத் தொடங்கியதும் அப்படத்தை நினைந்து புன்னகை செய்வோரும் உளராயினர். அறிவிப்பாளர் கையாண்டது பெரும்பாலும் எழுத்து நடை, திரையில் ஒலித்தது ஊர்ப்பேச்சு என்னும் வேறுபாடு உண்டு. எனினும் ஈழத்து ஓசை என்ற ஒன்றோடு, முதலில் ஒரு நினைவும் பின்னர் வேறொரு நினைவும் ஒட்டிக்கொண்டன.

மூன்றாவது காரணம், சொற்பொருள் மயக்கம். யாழ்ப்பாணத்திலே "கதைத்தல்" என்பதே உரையாடல். "பேசுதல்" என்றால் ஏசுதல். "அம்மா என்னைப் பேசினவ" என்று ஒரு பிள்ளை முறையிட்டால், தமிழகத்து ஆசிரியர் அதிலே முறையீடு எது என்று திகைப்பார். யாழ்ப்பாணத்திலே பெண்பிள்ளையைப் "பெட்டை" என்பது வீட்டு வழக்கு. வேறிடத்தார் செவிக்கு அது வசையாகப் படும். வயதில் இளையவரை அளவான மரியாதையோடு "நீர், வாரும், இரும்" என்று அழைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. பழகாதவருக்கு அது பழைய நாடக வசனம் போலவோ, விலக்கி வைத்துப் பேசுவது போலவோ தோன்றும். இங்கெல்லாம் குறை பேச்சில் இல்லை. பழக்கமின்மையே குறையாகத் தோன்றுகின்றது.

இங்கே யாழ்ப்பாணத்தாராகிய நாம் நம்மையே சற்று உசாவிக்கொள்ளுதல் நன்று. நம் பேச்சே தூய பேச்சு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கின்றது. அதற்குச் சிறிது ஆதாரமும் உண்டு. "இவன், உவன், அவன்" என்னும் மூவகைச் சுட்டையும் நாளாந்தப் பேச்சிலே காத்துவைத்திருக்கின்றோம். தமிழகப் பேச்சில் நடுவிலுள்ள உகரச் சுட்டு வழக்கிழந்துவிட்டது. ஆயின் "வாழைப்பழம்" என்று எழுதிவிட்டு "வாளைப்பளம்" என்று சொல்வோரும் நாமே. கதிரையும் அலுமாரியும் பாணும் போர்த்துக்கேயர் தந்தவை. கந்தோரும் லாச்சியும் ஒல்லாந்தர் தந்தவை. இவையின்றி நம் வீட்டுப் பேச்சு ஒருநாளும் நடவாது. 1960களில் ஈழத்துப் பேச்சுவழக்குகளை ஆராய்ந்த செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில், தமிழ்ப் பேச்சுவழக்குகள் எல்லாவற்றுள்ளும் எழுத்துத் தமிழுக்கு மிக அண்மையிலிருப்பது மட்டக்களப்புப் பேச்சே என்று கருதினார். தூய்மை ஒன்றே அளவுகோலாயின், யாழ்ப்பாணத்தார் மட்டக்களப்பாரைப் பார்த்து முறுவலிக்க வழியில்லை. இன்னும், சொற்களை நால்வகையாகப் பகுத்த தொல்காப்பியர் திசைச்சொல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். பல திசைகளின் வழக்கும் தமிழுக்கு வேண்டியதே என்பது அத்துணைப் பழைய கொள்கை.

பேச்சைப் பழிப்பது பேசுவோரைப் பழிப்பதே என்பதை நம் இலக்கிய வரலாறும் காட்டுகின்றது. இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுவழக்கிலே நாடகங்களை இயற்றி, 1940ஆம் ஆண்டில் "நானாடகம்" என்னும் நூலாக வெளியிட்டார். அப்பேச்சு மேடைக்கும் ஏட்டுக்கும் உரியது என்பது அப்போதே நிறுவப்பட்டது. ஆயினும் 1960களின் தொடக்கத்தில் டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலிய எழுத்தாளர், ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வை அவர்தம் பேச்சிலேயே எழுதியபோது, அது "இழிசனர் வழக்கு" என்று மரபு பேணுவோர் சிலராற் கண்டிக்கப்பட்டது. "இழிசனர்" என்னும் அச்சொல்லை நோக்குக. அங்கே எடைபோடப்பட்டது இலக்கணமன்று. சாதியே என்பது வெளிப்படை.

இதிலும் கொடியது ஒன்றுண்டு. விவிலியத்தில் நியாயாதிபதிகள் நூலின் 12ஆம் அதிகாரம், ஒரு சொல்லைச் சரியாக உச்சரிக்க இயலாமையால் 42,000 பேர் மாண்டதைக் கூறுகின்றது. அது எங்கோ நடந்த பழங்கதை என்று நாம் அமைதிகொள்ள இயலாது. 1983ஆம் ஆண்டு ஜூலை வன்செயலின்போது, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லும்படி வற்புறுத்தி, அதன் முதலொலி நாவில் எவ்வாறு வருகின்றதென்று பார்த்துத் தமிழரை இனங்கண்ட கொடுமை நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. எள்ளிச் சிரிப்பவர் எல்லாரும் வன்செயலாளர் அல்லர். எனினும் ஓசையைக் கொண்டு ஆளை அளக்கும் பழக்கம் எத்துணைத் தூரம் செல்லக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

பள்ளிக்கூடத்திலே இப்பழக்கம் சிறிய உருவத்தில் தோன்றுகின்றது. 1990ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலே வடபுலத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். வன்னியிலும் புத்தளத்திலும் தமிழக முகாம்களிலும் வளர்ந்த தலைமுறை ஒன்று உருவாயிற்று. அக்குடும்பங்களுட் சில மீண்டு வந்தபோது, பிள்ளைகள் தாம் வளர்ந்த இடத்துப் பேச்சையும் உடன்கொண்டு வந்தனர். "ஆமாங்க" என்று விடை சொன்ன பிள்ளையைப் பார்த்து, "ஓம்" என்று சொல்லும் வகுப்பு முழுவதும் சிரிக்கின்றது. அப்பிள்ளை மறுநாள் கையுயர்த்துவதில்லை. விடை தெரிந்தும் வாய் திறவாத பிள்ளையை ஆசிரியர் மந்தமென்று எண்ணிவிடுகின்றார். தீவிலிருந்து நகரப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைக்கும் இதே கதி நேர்வதுண்டு.

கேலிக்கு உள்ளானவரே அக்கேலியை ஏற்றுக்கொள்வது இதனினும் வருந்தத்தக்கது. 1960ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியல் நகரத்திலே வொலஸ் லம்பேட் என்னும் உளவியல் அறிஞர், இருமொழி வல்லார் சிலரை ஆங்கிலத்தில் ஒருமுறையும் பிரெஞ்சில் ஒருமுறையும் வாசிக்கச் செய்து பதிவுசெய்தார். இரண்டும் ஒருவர் குரலே என்பதை அறியாத கேட்போர், ஆங்கிலக் குரலையே பல குணங்களில் உயர்வாக மதித்தனர். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவரும் அவ்வாறே தம் மொழிக் குரலைத் தாழ்த்தி மதித்தனர். தாயின் பேச்சை நாணுவதற்குப் பிள்ளை கற்றுக்கொண்டால், அப்பேச்சோடு தாயையும் நாணக் கற்றுக்கொள்கின்றது.

இதனால், திருத்தமான எழுத்துத் தமிழைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. அது எல்லா ஊரார்க்கும் பொதுவான சொத்து. எந்த ஊராரின் வீட்டுப் பேச்சும் அன்று. அதனை எல்லாப் பிள்ளைகளும் ஐயமறக் கற்றல் வேண்டும். கட்டுரையிலுள்ள பிழையை ஆசிரியர் தயங்காது திருத்துக. பிள்ளையின் குரலை மட்டும் பாவனை செய்து காட்டாதிருக்க. ஒரே பொருளுக்கு நாலூரில் வழங்கும் நாலு சொற்களைப் பிள்ளைகளிடமே கேட்டுக் கரும்பலகையில் எழுதினால், அது நல்ல தமிழ்ப் பாடமாகும். புதிதாக வந்த பிள்ளையும் அங்கே கொடுப்பதற்கு ஒன்று உடையதாகும். பாடசாலை நாடகங்களிலே நீதிபதிக்கும் வைத்தியருக்கும் செந்தமிழையும், வேலைக்காரனுக்கும் மீனவனுக்கும் மட்டும் ஊர்ப்பேச்சையும் வழங்கும் வழக்கத்தைக் கைவிடுதல் நலம். நம் ஊர்களிலே வைத்தியரும் வீட்டில் ஊர்ப்பேச்சே பேசுகின்றார்.

வானொலிக்கும் இதிலே பங்குண்டு. 1941ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம், யோக்சயர்ப் பேச்சுடைய வில்பிரட் பிக்கிள்ஸ் என்பவரைத் தேசியச் செய்தி வாசிக்க அமர்த்தியது. அவ்வோசையிற் செய்தியைக் கேட்க மனமில்லாத நேயர் பலர் முறையிட்டனர். இன்று பிரித்தானிய வானொலியிலே பல பகுதிப் பேச்சுகளும் ஒலிக்கின்றன. கேட்கக் கேட்கச் செவி பழகும். பழகிய செவி எள்ளாது.

ஆகவே நேயர்களே, அடுத்தமுறை ஒரு பேச்சு உங்கள் செவிக்கு இன்னாததாகத் தோன்றினால், அவ்வொலியை ஆராயுமுன் அதனைப் பேசும் மக்களைப்பற்றி நீங்கள் முன்னர் என்ன கேட்டிருக்கின்றீர்கள் என்று உங்களையே வினவிக்கொள்ளுங்கள். பின்னர் அவர் சொல்லும் பொருளுக்குச் செவிகொடுங்கள்.