வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்)

வெறிநாய்க்கடி நோய் அல்லது ரேபிஸ் என்பது தீநுண்மியால் (வைரஸ்) உண்டாகி, மூளையைத் தாக்கும் நோய் ஆகும். அறிகுறிகள் தோன்றிய பின் ஏறத்தாழ அனைவரும் இறந்துவிடுகின்றனர். ஆனால் கடிபட்டவுடன் முறையான சிகிச்சை பெற்றவர்கள் ஏறத்தாழ அனைவரும் பிழைக்கின்றனர். இந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையே உள்ள கால அவகாசத்தைப் பயன்படுத்துவதே இந்நோய்க்கான மருத்துவம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர். இறப்பவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள்.

தீநுண்மியும் பரவும் முறையும்

ரேபிஸ் தீநுண்மி ரேப்டோவிரிடே குடும்பத்தில் லிஸ்ஸா வைரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. துப்பாக்கித் தோட்டா போன்ற வடிவம் உடையது. இதன் மரபுப் பொருள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ. ஆகும்.

நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இது இருக்கும். கடி, பிறாண்டல், காயத்தின் மேல் நக்குதல் ஆகியவற்றின் வழியாக உடலுக்குள் நுழைகிறது. மனிதருக்கு ஏற்படும் ரேபிஸில் சுமார் 99 விழுக்காடு நாய்களால் வருவதே. பூனை, குரங்கு, நரி, கீரி போன்றவற்றாலும் வரலாம்.

காயத்தின் தசையில் சிறிது காலம் தங்கும் தீநுண்மி, பின்னர் நரம்பு முனைகளுக்குள் புகுந்து, நரம்பு வழியே மெதுவாகத் தண்டுவடத்தையும் மூளையையும் நோக்கி நகர்கிறது. இரத்தத்தில் பரவாமல் நரம்புக்குள் மறைந்து செல்வதால், உடலின் எதிர்ப்பு ஆற்றல் அதை எளிதில் அடையாளம் காண்பதில்லை. மூளையில் பெருகிய பின் உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைகிறது.

கடிபட்ட நாளிலிருந்து அறிகுறி தோன்றப் பெரும்பாலும் 1 முதல் 3 மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும், அரிதாக ஓராண்டுக்குப் பின்னும் தோன்றலாம். முகம், தலை, கழுத்து ஆகிய இடங்களில் கடிபட்டால் மூளைக்குத் தொலைவு குறைவு. எனவே நோய் விரைவில் வரும். குழந்தைகள் உயரம் குறைந்தவர்கள் என்பதால் இவ்விடங்களில் கடிபடும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம்.

அறிகுறிகள்

முதலில் காய்ச்சல், தலைவலி, ஆறிப்போன கடிவாயில் எரிச்சல் அல்லது ஊறல் தோன்றும். அடுத்துப் பரபரப்பு, குழப்பம், தூக்கமின்மை ஏற்படும். தண்ணீரை விழுங்க முயலும்போது தொண்டைத் தசைகள் வலியுடன் இறுகுவதால், தண்ணீரைக் கண்டாலே நோயாளி அஞ்சுவார். முகத்தில் காற்றுப் பட்டாலும் இதே இறுக்கம் வரும். ஐந்தில் ஒருவருக்கு இந்த வெறி நிலை இன்றி, கைகால் செயலிழப்பு மட்டுமே தோன்றும். இதை வேறு நோயாகத் தவறாகக் கருதிவிட வாய்ப்புண்டு.

2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தடுப்பூசி போடாத 15 வயதுப் பெண் ஒருவர் நோய் வந்த பின்னும் பிழைத்தார். அதே சிகிச்சை பிறருக்கு அளிக்கப்பட்டபோது பெரும்பாலும் பலன் தரவில்லை.

தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி

1885 சூலை 6ஆம் நாள் பாரிசில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். தென்னிந்தியாவில் 1907ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. அமெரிக்கர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடை அதற்கு உதவியது.

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பூசி ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது. அதையே வயிற்றில் பல நாட்கள் தொடர்ந்து போட்டனர். "நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்கு வாதம் போன்ற பக்க விளைவுகளும் ஏற்பட்டன. 2004ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் இதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இப்போதைய ஊசி உயிரணு வளர்ப்பில் தயாராகிறது; மேல்கையில் போடப்படுகிறது.

ஊசி மாறிவிட்டது, பயம் மட்டும் மாறவில்லை. அந்தப் பயத்தாலும், வீட்டில் திட்டு விழும் என்பதாலும் பல சிறுவர்கள் நாய் பிறாண்டியதைச் சொல்லாமல் மறைக்கின்றனர். மறைக்கும் ஒவ்வொரு நாளும் தீநுண்மிக்குக் கிடைக்கும் அவகாசம்.

கடிபட்டால் செய்ய வேண்டியவை

1. காயத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். தீநுண்மியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைச் சிதைக்கிறது. குழாய் இல்லாத இடத்தில் பம்புசெட்டு நீரோ, குடத்திலிருந்து ஊற்றும் நீரோ போதும்.

2. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், பச்சிலை எதையும் தடவக் கூடாது. மந்திரித்துக்கொண்டு காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

3. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்ல வேண்டும். கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களில் உள்ளவர்களுக்கு விருத்தாசலம் அரசு மருத்துவமனை அருகில் உள்ளது.

4. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களிலும் ஊசி போடப்படும். முதல் ஊசி போடும் நாளே 0. வலி தீர்ந்துவிட்டது என்று இடையில் நிறுத்தக் கூடாது.

5. இரத்தம் வரும் காயம் என்றால் தடுப்பூசி மட்டும் போதாது. அது எதிர்ப்புப் பொருளை உருவாக்க ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியை நிரப்ப, ஆயத்தமான எதிர்ப்புப் புரதத்தை (இம்யூனோகுளோபுலின்) காயத்தைச் சுற்றிச் செலுத்துகின்றனர்.

கடித்த நாயை 10 நாட்கள் கவனிப்பது நல்லது. ஆனால் அதன் முடிவைப் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. வீட்டு நாய், குட்டி நாய் என்றாலும் இதே விதிதான்.

தடுப்பு

ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுபடும். இலங்கையில் 1970களில் ஆண்டுக்கு 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி, மனிதருக்கு உடனடிச் சிகிச்சை ஆகியவற்றால் அங்கு இறப்பு 50க்கும் கீழே குறைந்தது. இந்தியாவும் 2030க்குள் நாய்வழி ரேபிஸ் இறப்பை ஒழிக்க இலக்கு வைத்துள்ளது. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஆம் நாள் உலக ரேபிஸ் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் பயப்படாமல் வீட்டில் சொல்ல வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தருவதும், சொல்லும் குழந்தையைத் திட்டாதிருப்பதும் இந்நோய்த் தடுப்பின் ஒரு பகுதியே ஆகும்.