அருகிலிருந்து எடுக்கும் படங்கள் மங்குவது ஏன்? காம்பாக்ட் கேமராவில் சரிசெய்வது எப்படி?

புதுதில்லி: நாடு முழுவதும் பட்டாம்பூச்சிகளைப் பதிவு செய்யும் ‘பிக் பட்டர்ஃபிளை மந்த்’ இயக்கம் 2020-ஆம் ஆண்டு முதல் செப்டம்பர் மாதங்களில் நடைபெற்று வருகிறது. ஆர்வலர்கள் எடுக்கும் படங்கள் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பதிவேற்றப்பட்டு, அவற்றைக் கொண்டே இனங்கள் அடையாளம் காணப்படுகின்றன. படம் மங்கலாக இருந்தால் அந்தப் பதிவு பயனற்றுப் போகக்கூடும்.

வெந்தய வரியன் பட்டாம்பூச்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். எருக்கஞ்செடியை உண்டு வளரும் இது பறவைகளுக்கு உகந்த இரையன்று. டனாய்டு எக்ஃப்ளை என்ற மற்றோர் இனத்தின் பெண் பூச்சி, இதே தோற்றத்தைப் போலியாகக் கொண்டு தப்பிக்கிறது. வெந்தய வரியனின் பின்னிறகு நடுவில் மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். போலியின் பின்னிறகில் விளிம்பை ஒட்டி ஒரு புள்ளி மட்டுமே இருக்கும். அந்தப் புள்ளிகள் தெளிவாகப் பதியாவிட்டால் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

படமே காரணத்தைக் காட்டும்

மங்கலான படத்தைக் கேமராவின் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் காரணம் புலப்படும். பூச்சி மங்கி, பின்னாலுள்ள இலை தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் அமைந்துள்ளது. எல்லாம் ஒரே திசையில் இழுபட்டது போலத் தெரிந்தால் கை அசைந்துள்ளது. இழுபடாமலேயே எதுவும் தெளிவாக இல்லையெனில், பெரும்பாலும் கேமரா மிக அருகில் சென்றுள்ளது.

குறைந்தபட்சத் தூரம்

ஒவ்வொரு லென்ஸுக்கும் ஃபோகஸ் செய்ய இயலும் குறைந்தபட்சத் தூரம் உண்டு. பூ வடிவக் குறியீடு கொண்ட மேக்ரோ முறை இத்தூரத்தைக் குறைக்கிறது. ஆனால் ஜூம் செய்தால் பல கேமராக்களில் அது மீண்டும் அதிகரித்துவிடும். சான்றாக, கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2 கேமராவில் ஜூம் இல்லாத நிலையில் இத்தூரம் 5 செ.மீ.; முழு ஜூமில் 40 செ.மீ. எனவே மிக அருகில் செல்ல வேண்டுமானால் ஜூமைத் தவிர்ப்பதும், ஜூம் தேவையெனில் சற்று விலகி நிற்பதும் அவசியம்.

ஃபோகஸ் தவறும் இடம்

பெரும்பாலான காம்பாக்ட் கேமராக்கள் ஒளி, நிழல் வேறுபாடு எங்கு அதிகமோ அந்த இடத்தையே கூர்மையானதாகக் கருதுகின்றன. வெள்ளை இதழ், மங்கிய வெளிச்சம் ஆகியவற்றில் அவை தடுமாறும். மெல்லிய உணர்கொம்புகளை விட்டுவிட்டுப் பின்னணியைப் பிடித்துக்கொள்ளும். தானாகப் பல இடங்களைத் தேர்வு செய்யும் முறையை மாற்றி, ஒரே சிறிய புள்ளியில் ஃபோகஸ் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்து, அந்தப் புள்ளியைப் பூச்சியின் கண் அல்லது இறகின் மீது வைப்பது நல்லது. பட்டனைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் அமைந்ததற்கான பச்சைக் குறி தோன்றிய பின்னரே முழுமையாக அழுத்த வேண்டும்.

பாதி அழுத்திய பின் கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஃபோகஸ் விலகிவிடும். மிக அருகில் எடுக்கும் படங்களில் கூர்மையாகப் பதியும் ஆழம் சில மில்லிமீட்டர் மட்டுமே இருக்கும் என்பதே இதற்குக் காரணம். இறகுகளை மூடி அமர்ந்துள்ள பூச்சியைப் பக்கவாட்டிலிருந்தும், விரித்து அமர்ந்துள்ளதை நேர் மேலிருந்தும் எடுத்தால், முழு இறகும் அந்தச் சிறு ஆழத்துக்குள் அடங்கும்.

லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினாலும் ஆழம் கூடும். எனினும், சிறிய சென்சார் கொண்ட கேமராக்களில் அளவுக்கு மீறிச் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விளைவால் முழுப் படமுமே மென்மையாகிவிடும்.

அசைவு

அருகில் செல்லச் செல்ல கையின் சிறு நடுக்கமும் பெரிதாகப் பதியும். கேமராவிலுள்ள அசைவுத் தடுப்பு வசதியின் பலனும் இத்தகைய படங்களில் குறைந்துவிடும். காற்றில் ஆடும் பூவை அது நிறுத்தாது. ஷட்டர் வேகத்தை 1/250 வினாடி அல்லது அதற்கும் விரைவாக வைப்பது, தேவைப்பட்டால் ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்துவது, முழங்கைகளை உடலோடு ஒட்டி வைப்பது, தொடர் படப்பிடிப்பு முறையில் பல படங்கள் எடுப்பது ஆகியவை உதவும்.

முதல் படம் சற்றுத் தொலைவிலிருந்து

பூச்சி எந்நேரமும் பறந்துவிடலாம் என்பதால், முதலில் சற்றுத் தொலைவிலிருந்து ஒரு தெளிவான படத்தை எடுத்துக்கொண்டு, பிறகு படிப்படியாக நெருங்குவதே பாதுகாப்பானது. 20 மெகாபிக்சல் படத்தின் நீள, அகலங்களைப் பாதியாக வெட்டினாலும் 5 மெகாபிக்சல் எஞ்சும். இறகின் புள்ளிகளை எண்ணிப் பார்க்க அதுவே பெரும்பாலும் போதுமானது. மிக நெருங்கி எடுத்த மங்கலான படத்தை எந்த மென்பொருளாலும் நம்பகமாக மீட்க இயலாது; அது இல்லாத புள்ளியையும் வரைந்துவிடக்கூடும்.