குரோமோசோமுக்கும் பூண் உண்டு

உலக்கையின் முனையில் இரும்புப் பூண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூண் இல்லாவிட்டால் குத்தக் குத்த மரம் தேய்ந்து பிளந்துவிடும். உயிரணுவில் உள்ள குரோமோசோம்களின் முனைகளுக்கும் இயற்கை இப்படியொரு பூண் மாட்டியிருக்கிறது. அதற்கு டெலோமியர் என்று பெயர். நெல்லைத் தாக்கும் குலைநோய்ப் பூஞ்சையின் பூணை இங்கே காண்போம். நோயை எதிர்த்து நின்ற நெல் ரகம் சில ஆண்டுகளில் தோற்றுப் போவது ஏன் என்ற கேள்விக்கு, விடையின் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது.

குலைநோய்

1919-இல் தஞ்சை வயல்களில் பெருஞ்சேதம் விளைவித்த நோய் இது. திண்டுக்கல் சமவெளியில் நெல் பயிரிடுவோருக்கும் இது புதிதன்று. இரவுகள் குளிர்ந்து, பனி இலைகளில் நெடுநேரம் தங்கும் நாட்களில் பரவும். தழைச்சத்து உரம் மிகுந்தால் கடுமையாகும். இலையில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். கதிரின் கழுத்து கருகினால் மணிகள் பதராகும்.

இப்பூஞ்சையின் வித்து இலைமீது ஒட்டி, சிறு குமிழ் ஒன்றை உண்டாக்குகிறது. அதனுள் அழுத்தம் 80 வளிமண்டல அளவு வரை உயர்கிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் இது ஏறத்தாழ 40 மடங்கு! அந்த விசையால் இலையைத் துளைத்து உள்ளே நுழைகிறது.

முனை ஏன் தேய்கிறது?

உயிரணு பிரியுமுன் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கும் நொதி தானாகத் தொடங்காது. சிறு துண்டு ஒன்றைப் பற்றிக்கொண்டே தொடங்கும். பின்னர் அத்துண்டு நீக்கப்படுகிறது. நடுவில் ஏற்படும் இடைவெளி நிரம்பிவிடும். கடைசி முனையில் நிரப்ப வழியில்லை. எனவே ஒவ்வொரு பிரிவிலும் முனை சற்றுக் குறைகிறது. டெலோமரேஸ் என்னும் நொதி அதை மீண்டும் நீட்டித் தருகிறது.

1982-இல் பிளாக்பர்ன், சோஸ்டாக் இருவரும் ஈஸ்டில் ஒரு சோதனை செய்தனர். ஈஸ்டும் ஒரு பூஞ்சையே. நீள் டி.என்.ஏ. துண்டுகளை வெறும் முனையுடன் உள்ளே செலுத்தினால் அவை நிலைக்கவில்லை. வேறோர் உயிரியின் டெலோமியரைப் பூணாக மாட்டிச் செலுத்தியபோது நிலைத்தன. இவ்விருவருக்கும், டெலோமரேஸ் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட கிரைடருக்கும் 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

முனையில் வைத்த அடையாளம்

குலைநோய்ப் பூஞ்சைக்குக் குரோமோசோம்கள் 7. ஆகவே முனைகள் 14. அதன் பூண் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி என்ற ஆறு எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதால் ஆனது. மனிதனின் பூணிலும் இதே ஆறு எழுத்துகள்தாம்! ஆனால் நமக்கு எழுத்துகள் ஆயிரக்கணக்கில். பூஞ்சைக்கு நூற்றுக்கணக்கில் மட்டுமே.

பூணை அடுத்த பகுதிகள் பல முனைகளில் ஒன்றுபோலவே உள்ளன. அதனால் அவை தம்முள் இடம் மாறும், அறுந்தும் போகும். அறுந்த முனையில் புதுப் பூண் ஏறிக்கொள்ள, பூஞ்சை பிழைத்துக்கொள்கிறது. பூணை ஒட்டினாற்போல் அமைந்த ஜீன்களுள் ஒன்று ஏவிஆர்-பிட்டா. பிட்டா என்ற எதிர்ப்பு ஜீன் உள்ள நெல், அந்த ஜீன் தரும் புரதத்தைக் கண்டே பகைவனை அடையாளம் அறிந்து தடுக்கிறது. ஏவிஆர்-பிட்டா சிதைந்தாலோ அறுந்து போனாலோ நெல்லுக்கு அடையாளம் தெரியாது, நோய் புகுந்துவிடும். பூஞ்சையிடம் குரோமோசோம் தொகுதி ஒன்றே உண்டு. இழந்த ஜீனுக்கு மாற்றுப் படி இல்லாததால் மாற்றத்தின் விளைவு உடனே வெளிப்படுகிறது.

ஒரே எதிர்ப்பு ஜீனை நம்பி, ஊர் முழுவதும் ஒரே ரகத்தைத் தொடர்ந்து விதைத்தால், அடையாளம் இழந்த பூஞ்சைக்கே அது வாய்ப்பாகும். எனவேதான் பல எதிர்ப்பு ஜீன்களை ஒரே நெல்லில் சேர்க்க அறிஞர்கள் முயல்கின்றனர். ரகங்களை மாற்றி விதைப்பதும், தழைச்சத்தைப் பிரித்து அளவாக இடுவதும் உழவர் கையில் உள்ள காப்புகள்.