ஒக்டோபரை மட்டும் வாசித்தால் 1990 விளங்காது

ஒக்டோபர் பிறந்துவிட்டால் வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய ஆக்கங்கள் நமது தளங்களில் வரத் தொடங்கும். நானும் விடாமல் வாசிப்பேன். ஆனால் பெரும்பாலானவை ஒக்டோபர் 22 இல் தொடங்கி 30 இல் முடிந்துவிடுகின்றன. அந்த ஒன்பது நாட்களும் வானத்திலிருந்து விழுந்தவை போல ஒரு தோற்றம். மன்னாரில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை என்ற வகையில் எனக்கு இதில் ஒரு குறை உண்டு. சென்ற தவணையில் தரம் 11 மாணவர்களிடம் ஒரு பெரிய தாளைக் கொடுத்து, 1990 ஐ ஜனவரியிலிருந்து மாதம் மாதமாக நிரப்பச் சொன்னேன்.

பெப்ரவரிக்கு ஒரு பிள்ளை எழுதியது, ஊடகவியலாளர் ரிச்சர்ட் டி சொய்சா கடத்திக் கொல்லப்பட்ட செய்தி. தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி அடக்கப்பட்டு மூன்று மாதங்களே ஆகியிருந்தன. ஜனாதிபதி பிரேமதாசவின் அரசு அப்போது விடுதலைப் புலிகளுடன் பேசிக்கொண்டிருந்தது. இரு தரப்புக்கும் பொதுவான ஒரே தேவை இந்தியப் படை போக வேண்டும் என்பதுதான். மார்ச் 24 இல் அந்தப் படையின் கடைசி அணியும் திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. அதன்பின் பேசுவதற்குப் பொதுவாக என்ன இருந்தது? வடக்கு நடைமுறையில் புலிகளின் கைக்குப் போனது.

ஜூன் 11 இல் கிழக்கில் பொலிஸ் நிலையங்கள் சுற்றி வளைக்கப்பட்டன. சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டவர்களில் சிங்களவர்களோடு முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதை என் மாணவர்களில் ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை. உலகக் கிண்ணக் கால்பந்து இத்தாலியில் தொடங்கிய வாரம் அது. எங்கள் ஊர் இளைஞர்கள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பத்து வயது.

போர் தொடங்கியதும் தலைமன்னார் ரெயில் நின்றது. இந்தியாவுக்கான கப்பல் எண்பதுகளின் நடுப்பகுதியிலேயே நின்றிருந்தது. தீவைப் பெருநிலத்துடன் இணைத்த பாலமும் அந்த ஆண்டே தகர்க்கப்பட்டது. புதிய பாலம் 2010 இலும், தலைமன்னாருக்கான ரெயில் 2015 இலும்தான் திரும்பி வந்தன. தமிழ்க் குடும்பங்கள் பல பேசாலை, தலைமன்னார் கரைகளிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போயின. இன்னும் பலர் மடுத் தேவாலயத்தில் தஞ்சமடைந்தார்கள். அகதி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது எங்கள் ஆட்களைப் பற்றியல்ல.

ஓகஸ்ட் 2 இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அங்கு உழைக்கப் போயிருந்தவர்களின் வீடுகளில் கவலை. மறுநாள் வெள்ளிக்கிழமை இரவு காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யா பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒன்பது நாட்களில் ஏறாவூர். அதே நாட்களில் வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதையும், அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் மீது குற்றச்சாட்டு உள்ளதையும் அதே கட்டத்தில் எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் முகம் சுளித்தான். எழுதினான்.

மன்னாரில் அப்படி எதுவும் நடந்திருக்கவில்லை. முஸ்லிம் ஊர்காவல் படையும் இங்கு இல்லை, முஸ்லிம்களும் தமிழர்களும் மோதிக்கொண்ட கலவரமும் இல்லை. கிழக்கில் மூண்ட பகைக்கான கணக்கு வடக்கில் எங்களிடம் தீர்க்கப்பட்டது என்பதே என் வாசிப்பு. அத்துடன் செப்டெம்பரில் இராணுவம் யாழ் கோட்டையைக் கைவிட்டிருந்தது. தம் பகுதியைத் தனியாக ஆளும் துணிவு புலிகளுக்கு வந்த வேளை. காட்டிக்கொடுப்போர் என்ற சந்தேகத்துக்கு ஒரு சமூகம் முழுவதும் பொறுப்பாக்கப்பட்டது.

ஒக்டோபர் 24 இல் ஒலிபெருக்கி அறிவித்தது: 28 க்குள் தீவின் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும். குடும்பத்துக்கு ஐந்து பைகள், 2,000 ரூபா, ஒரு பவுண் நகை. யாழ்ப்பாணத்தில் 30 ஆம் திகதி கொடுக்கப்பட்டது வெறும் இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதும் ஏறத்தாழ 75,000 பேர். நாங்கள் மழையில் கடற்கரையில் காத்திருந்து கல்பிட்டிக்குப் படகேறினோம். அடுத்த வீட்டுக் கத்தோலிக்க அக்கா ஒரு பானை சோறு கொண்டுவந்து தந்தார். உம்மா காணி உறுதியைத் தம்பியின் உடுப்புக்குள் சுற்றி வைத்திருந்தார். அந்த உறுதி இன்றும் எங்களிடம் இருக்கிறது.

எல்லோருக்கும் அப்படி இல்லை. முசலியில் இருபது வருடங்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த காணிகளில் காடு வளர்ந்தது. 2012 இல் அதில் ஒரு பகுதி வன ஒதுக்குக் காணியாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. திரும்பி வந்தவர்கள் பற்றையை வெட்டியபோது, 2015 இல், வில்பத்துவை அழிக்கிறார்கள் என்று நாடே பேசியது. அந்தக் கதையை 2015 இல் தொடங்கினால் அவர்கள் காடழிப்பவர்கள். 1990 இல் தொடங்கினால் வீடு தேடி வந்தவர்கள். அதற்கு முன்பே, 2009 க்குப் பின்னரான மீள்குடியேற்றத்தில், எங்களைப் ‘பழைய அகதிகள்’ என்று வகைப்படுத்தி வரிசையின் பின்னால் நிறுத்தினார்கள். அகதி நிலையில் பழையது புதியது என்று பிரித்தது யாருடைய யோசனையோ!

2019 ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்க வந்த பஸ்கள் மீது தந்திரிமலையில் சுடப்பட்டது. “புத்தளத்தில் இருப்பவர்களுக்கு மன்னாரில் ஏன் வாக்கு?” என்று சிலர் அப்போது என்னிடமே கேட்டார்கள். கேட்டவர்கள் படித்தவர்கள். ஒக்டோபரைப் பற்றிக் கொஞ்சம் கேள்விப்பட்டவர்களும்கூட.

எங்கள் தாளில் நவம்பரும் டிசம்பரும் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. கல்பிட்டியில் இறங்கிய பிறகு முதல் இரவு எங்கே படுத்தார்கள், யார் சோறு தந்தார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள் என்று உம்மும்மாமாரிடம் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டார்கள். மூன்றாவது பிள்ளையின் உம்மும்மா பேச மாட்டேன் என்றாராம். அந்தக் கட்டத்தில் அதையே எழுதச் சொன்னேன்.