பலாலி: ஓடுபாதையும் உழுநிலமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், வயாவிளான் என வடக்கே செல்லும் நெடுந்தெருவுக்குப் பலாலி வீதி என்று பெயர். ஆனால் 1990ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்த ஒரு தலைமுறை, அந்த வீதி பலாலிவரை போவதைக் கண்டதில்லை. வயாவிளானோடு வீதி நின்றது, அதற்கப்பால் முட்கம்பி. எஞ்சிய துண்டு 2025 ஏப்ரலில்தான், அதுவும் கட்டுப்பாடுகளோடு, மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு ஐந்தரை ஆண்டுகளுக்கு முன்னரே, 2019 ஒக்டோபரில், அதே பலாலியில் சென்னையிலிருந்து வந்த விமானம் இறங்கிவிட்டது. வானத்தால் வந்தவருக்கு முதலில் வழி பிறந்தது. சொந்த ஊருக்குத் தரையால் போக நின்றவருக்குப் பிறகுதான் பிறந்தது. பலாலி விமான நிலையத்தின் கதையைப் பேசும்போது இந்த முன்பின் முறையை நாம் மறந்துவிடலாகாது.

போருக்காகப் பிறந்த தளம்

பலாலி விமானத் தளம் மக்கள் பயணம் செய்வதற்கென்று அமைக்கப்பட்டதன்று. இரண்டாவது உலகப் போரின்போது, இந்து சமுத்திரத்தைக் கண்காணிக்கும் தேவை எழுந்தமையால் பிரித்தானிய விமானப்படை இதனை அமைத்தது. வலிகாமம் வடக்கின் செம்மண், சுண்ணக்கல்லின் மேல் படிந்த வளமான மண். கிணற்றுநீர் இறைத்து வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை எனப் பயிரிட்டுப் பிழைத்த பூமி அது. மேடுபள்ளமற்ற சமதரையாகவும் கடலுக்கு அண்மையிலும் இருந்தது. தோட்டத்துக்கு வாய்ப்பாக இருந்த இந்தச் சமதரைதான் ஓடுபாதைக்கும் வாய்ப்பாக அமைந்தது.

போர் முடிந்தபின் அந்தத் தளம் மக்கள் கைக்கு வந்தது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது சேவை இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் தரித்து, சென்னைக்குச் சென்றது. 'சீதாதேவி' என்று பெயரிடப்பட்ட டக்கோட்டா விமானம் அது. சுதந்திர இலங்கை பிறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, இந்த நாட்டின் தேசிய விமான சேவை தன் முதற் பயணத்திலேயே யாழ்ப்பாணத்து மண்ணைத் தொட்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

பின்னர் பலாலி இலங்கையின் இரண்டாவது சர்வதேச விமான நிலையமாக விளங்கியது. கொழும்புக்கும், தென்னிந்தியாவில் சென்னை, திருச்சி ஆகிய நகரங்களுக்கும் இங்கிருந்து விமானங்கள் பறந்தன. நேர்கோட்டில் அளந்தால் பலாலியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். திருச்சியோ 200 கிலோமீற்றருக்கும் குறைவு. அருகில் காங்கேசன்துறைத் துறைமுகம், சீமெந்துத் தொழிற்சாலை, புகையிரத நிலையம். இவற்றோடு விமான நிலையமும் சேர்ந்து, வலிகாமம் வடக்கு ஒரு காலத்தில் வட பகுதியின் பொருளாதார வாசலாகவே இருந்தது.

வாசல் மூடிய காலம்

அந்த வாசல் ஒரே நாளில் மூடப்படவில்லை. 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி எயார் சிலோனின் அவ்ரோ விமானம் ஒன்று இரத்மலானையில் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு எயார் சிலோனின் இடத்தை எயார் லங்கா பிடித்தது. பலாலியின் சர்வதேச சேவையும் அந்தக் காலத்தோடு நின்றுபோயிற்று. இனப்போர் மூண்டபின் பலாலி முழுமையாகப் படைத்தளமாயிற்று. 1987 யூலை இறுதியில் இந்திய அமைதிப்படை வந்து இறங்கியதும் இங்கேதான்.

1990 யூனில் மீண்டும் போர் வெடித்தபோது பலாலி, மயிலிட்டி, வயாவிளான், குரும்பசிட்டி, கட்டுவன், காங்கேசன்துறை முதலிய ஊர்களின் மக்கள் கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். சில நாட்களில் திரும்பலாம் என்று எண்ணிப் போனவர்கள் பலர். அவர்களது ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. மல்லாகம், சுன்னாகம், தெல்லிப்பழைப் பகுதிகளின் நலன்புரி நிலையங்களில், தங்கள் வீட்டுக்குச் சில மைல் தூரத்திலேயே, ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணமுடித்தது. கடலை நம்பி வாழ்ந்தவன் கடலின்றியும், தோட்டத்தை நம்பி வாழ்ந்தவன் தோட்டமின்றியும் கூலிக்குப் போனான்.

யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி அடைபட்டிருந்த ஆண்டுகளில், திருகோணமலைக் கப்பலும் பலாலி விமானமுமே மக்களுக்கு இருந்த வழிகள். அதிலும் ஆபத்து நீங்கவில்லை. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்தது. சுட்டு வீழ்த்தப்பட்ட அந்த விமானத்தில் இருந்த 55 பேரும் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலானோர் சாதாரணப் பயணிகள்.

மீண்டும் ஒரு தொடக்கம்

போர் 2009இல் முடிந்தும், பலாலி பொதுமக்களின் சர்வதேச விமான நிலையமாக மீள்வதற்கு மேலும் பத்தாண்டுகள் சென்றன. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயரோடு திறந்துவைக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயார் நிறுவனம் சென்னைக்கு ஒழுங்கான சேவையைத் தொடங்கியது. நான்கு மாதங்களே கழிந்தன. 2020 மார்ச்சில் கொவிட் தொற்று அனைத்தையும் நிறுத்தியது. இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாக வெறுமையாகக் கிடந்தபின், 2022 டிசெம்பர் 12ஆம் திகதி சேவை மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ நிறுவனமும் சென்னைச் சேவையில் இறங்கியது. 2025 மார்ச் 30ஆம் திகதி திருச்சிக்கும் பறக்கத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறுந்துகிடந்த பழைய வழி மீண்டும் பொருத்தப்பட்டது.

இது சிறிய காரியமன்று. மகளின் கூறைச்சேலைக்கும், வைத்தியத்துக்கும், யாத்திரைக்கும் தமிழகம் போவோர், முன்பு இரவிரவாக 400 கிலோமீற்றர் பேருந்தில் கொழும்பு சென்று அங்கிருந்துதான் பறக்கவேண்டும். நோயாளிக்கு அந்த வீதிப் பயணமே இன்னொரு நோய். இன்று ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சென்னையில் இறங்கலாம்.

எனினும், வாசல் திறந்ததென்று சொல்லுமுன் அது யாருக்குத் திறந்தது என்றும் கேட்கவேண்டும். தமிழக முகாம்களிலிருந்து தாயகம் திரும்ப விரும்பும் அகதிகளுக்கு இதைவிட நல்ல வாசல் வேறில்லை. ஆனால் 2025 மே மாதத்தில், அவ்வாறு முறைப்படி திரும்பி வந்த முதியவர் ஒருவர் இதே விமான நிலையத்தில் கைதுசெய்யப்பட்டார். போர்க்காலத்தில் உயிர் தப்ப அனுமதியின்றி நாட்டைவிட்டுச் சென்றார் என்பதே அவர்மீதான குற்றம். கட்டடம் புதியதாக இருக்கிறது. மனமும் புதியதாக வேண்டாமா?

எவ்வளவு நிலம் வேண்டும்?

இங்கே நாம் தெளிவாகக் கணக்குப் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. 2013 ஏப்ரலில் வலிகாமத்தில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமை கோருவோரைக் கண்டறிய முடியவில்லை என்று சொல்லப்பட்டது. அந்த உரிமையாளர்களோ உறுதிப் பத்திரங்களோடு பக்கத்து முகாம்களில் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் சென்றார்கள்.

ஒரு விமான நிலையத்துக்கு எவ்வளவு நிலம் தேவை? இரண்டரைக் கிலோமீற்றர் நீளமும், இருபுற வெளியையும் சேர்த்து 300 மீற்றர் அகலமுமான ஒரு துண்டை எண்ணிப் பாருங்கள். அது 75 ஹெக்டேயர். ஏறத்தாழ 185 ஏக்கர். கட்டடங்களுக்கும், விமானத் தரிப்பிடத்துக்கும், வாகனங்களுக்கும், இறங்குபாதையின் கீழுள்ள வெளிக்கும் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு சேர்த்தாலும் ஆயிரம் ஏக்கரைச் சுற்றியே நிற்கும். ஆகவே விமான நிலையத்தின் தேவை வேறு, படைமுகாமின் தேவை வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து, அபிவிருத்தி என்ற ஒரே சொல்லால் மூடிவிடுவதுதான் மக்களைக் குழப்புகிறது. விமான நிலையம் வேண்டும் என்பவன் மக்களின் காணிக்கு எதிரி அல்ல. காணி வேண்டும் என்பவன் விமான நிலையத்துக்கு எதிரியும் அல்ல.

2015 முதல் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டு வருகின்றன. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் மீனவர் கைக்கு வந்தது. ஆனால் இன்னும் எல்லோரும் ஊர் திரும்பிவிடவில்லை. பெரிய விமானங்கள் இறங்குவதற்காகத் தளத்தை விரிவாக்கும் பேச்சு எழும்போதெல்லாம், காத்திருக்கும் குடும்பங்களின் வயிற்றில் புளி கரைகிறது.

நாம் செய்யவேண்டியது

முதலாவது, எல்லை. விமான நிலையத்துக்குத் தேவையான காணி எதுவென்று வரைபடத்தில் குறித்து, கிராமம் கிராமமாக மக்களுக்குக் காட்டப்பட வேண்டும். உண்மையில் தேவைப்படும் காணிக்கு உரியவர்களோடு பேசி, மாற்றுக் காணியோ நியாயமான நட்டஈடோ வழங்க வேண்டும். எஞ்சியது உரியவரிடம் சேரவேண்டும். மக்களும் சும்மா இருத்தலாகாது. உறுதிகளையும் பழைய நில அளவைப் படங்களையும் தேடி எடுத்து, பிரதி செய்து, கிராம அபிவிருத்திச் சங்கங்களில் பதிந்து வைக்கவேண்டும். எல்லைக்கல்லைக் காட்டக்கூடிய முதியவர்கள் ஒவ்வொருவராய்க் கண்மூடுகிறார்கள்.

இரண்டாவது, பயன். எழுபது எண்பது பேரை ஏற்றும் சிறு விமானத்தில் வெங்காய மூடைகள் போகப்போவதில்லை. அந்த ஆசையைத் தோட்டக்காரனுக்கு ஊட்டுவது ஏமாற்று. பார எடைப் பொருளுக்குக் காங்கேசன்துறைத் துறைமுகமும் புகையிரதமும்தான் வழி. விமானத்தின் பயன் வேறு வகையானது: பயணிகளை ஏற்றியிறக்கும் வாகனக்காரர், தங்குமிடம் நடத்துவோர், பனம்பொருள் செய்யும் பெண்கள், நிலையத்துக்குள் வேலை பெறும் இளைஞர்கள். இந்த வாய்ப்புகளில் முதலிடம், நிலத்தை இழந்த ஊர்களின் பிள்ளைகளுக்கே கிடைக்கவேண்டும். அதற்கு வேண்டிய ஆங்கில, சிங்கள மொழியறிவையும் தொழிற்பயிற்சியையும் அவர்களுக்கு இப்போதே கொடுக்கத் தொடங்குவது நம்போன்ற நிறுவனங்களின் கடமை.

விமானம் ஒன்று பலாலியில் தாழ இறங்கும்போது, சாளரத்தோரம் இருப்பவருக்குக் கீழே இரண்டு காட்சிகள் தெரியும். ஒருபுறம் பாத்தி பிடித்து நீர் பாய்ச்சிய சிவந்த தோட்டங்கள். மறுபுறம் கூரையிழந்த சுவர்களுக்குள் மரம் முளைத்த வீடுகள். அந்த இரண்டாவது காட்சி மறைந்து, அங்கும் பாத்திகள் தெரியும் நாளில்தான் பலாலி மீண்டும் உயிர்பெற்றது என்று நாம் மனச்சாட்சியோடு சொல்லலாம்.