அவசர மருத்துவமும் காலக்கணக்கும்: யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்து ஒரு குறிப்பு

நோயாளர் காவு வண்டிச் சேவையொன்றை மதிப்பிடுவோர் முதலிற் கேட்பது, அழைப்புக் கிடைத்து எத்தனை நிமிடத்தில் வண்டி வந்தது என்பதையாகும். இவ்வினா இன்றியமையாதது. இதயத்துடிப்பு நின்றுவிட்ட ஒருவரின் உயிர் பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு நிமிடம் குறைகின்றது. இரத்தக்கட்டியால் நேரும் பக்கவாதத்திற்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நான்கரை மணித்தியாலத்துள் ஏற்றப்படல் வேண்டும். ஆயினும் காலத்தை எங்கிருந்து எண்ணுகிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பது தொழில்நுட்ப வினா மட்டுமன்று; சமூக வினாவுமாகும்.

யாழ்ப்பாணத்தின் மருத்துவ வரலாறு இதனைத் தெளிவுபடுத்தும். இன்றைய போதனா வைத்தியசாலை, அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் 1850 இல் ஒரு தருமச் சங்கத்தின் வைத்தியசாலையாகத் தோன்றியது. 1907 இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. தருமமாக வழங்கப்பட்டது பொதுக்கடமையாவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. ஆனால் வீட்டிலிருந்து வைத்தியசாலை வரையிலான வழியோ அதன் பின்னரும் நெடுங்காலம் பெரிதும் குடும்பத்தின் பொறுப்பாகவே இருந்தது. வசதியுள்ளோர் கார் பிடித்தனர்; இல்லாதோர் அயலவர் தயவை நாடினர். 1990 இன் பின் போரும் எரிபொருள் தடையும் நிலவிய ஆண்டுகளில் துவிச்சக்கர வண்டியே பலருக்கு நோயாளர் வண்டியாயிற்று.

இப்பின்னணியிலேயே 1990 என்னும் இலக்கத்தால் அழைக்கப்படும் ‘சுவ செரிய’ இலவசச் சேவையை நோக்குதல் வேண்டும். இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 யூலையில் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்த இச்சேவையை நாடெங்கும் விரிவாக்கும் பணி, 2018 யூலை 21 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் தொடக்கி வைக்கப்பட்டது. வைத்தியசாலைக்குச் செல்லும் வழியும் பொதுக்கடமையே என்னும் கொள்கை இதனால் வலுப்பெற்றது. இது சிறிய மாற்றமன்று.

எனினும் வண்டி தரை முடியும் இடத்தில் நின்றுவிடுகின்றது. நெடுந்தீவிற் பிரதேச வைத்தியசாலை உண்டு. ஆனால் சத்திரசிகிச்சையோ சிறப்பு வைத்தியமோ வேண்டின் கடல் கடந்தாக வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அங்கிருந்து யாழ்ப்பாண நகருக்குத் தரைவழியாகச் சுமார் 30 கிலோமீற்றர். பல வேளைகளிற் கடற்படைப் படகே நோயாளரைச் சுமந்து வருகின்றது. காற்றுக் கடுமையான நாட்களில் இக்கணக்கும் பிழைத்துவிடும். இறங்குதுறையிற் காத்துநிற்கும் வண்டி குறித்த நேரத்தில் வந்ததாகவே பதிவாகலாம்; கடலிற் கழிந்த நேரமோ அப்பதிவில் இடம்பெறாது.

சராசரி என்பது நகரத்தவரின் விரைவையும் தீவு மீனவரின் தாமதத்தையும் ஒன்றாகக் கலந்து, பின்னதை மறைத்துவிடுகின்றது. ஆதலின் மதிப்பீடு நான்கு இடைவெளிகளைத் தனித்தனியே அளத்தல் வேண்டும்: நோய் தொடங்கியதிலிருந்து அழைப்பு வரை, அழைப்பிலிருந்து வண்டி வரும் வரை, அங்கிருந்து வைத்தியசாலை வாயில் வரை, வாயிலிலிருந்து சிகிச்சை தொடங்கும் வரை. கடற்பயணம் ஐந்தாவதாகத் தனியே குறிக்கப்படல் வேண்டும். அளக்கப்படாத தாமதத்திற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. பொறுப்பேற்க எவருமில்லாத இடத்தில், உரிமை மீண்டும் தயவாகிவிடுகின்றது.