ஒரு தடவை அமைத்தால் பல பாடசாலைகளுக்கு

மொனராகலை, இலங்கையின் இரண்டாவது பெரிய மாவட்டம். பிபிலையிலும் படல்கும்புரையிலும் உள்ள எமது பாடசாலைகள் இணையத்தளம் தொடங்க, ஒவ்வொன்றும் தனித்தனியே காசு செலவழிக்கத் தேவையில்லை என்பது ஓர் ஆசிரியனாக என் கருத்து. வேர்ட்பிரஸ் மென்பொருளின் உரிமமே பிரதியெடுக்க அனுமதிக்கிறது. தமிழ் எழுத்துரு, அறிவித்தல், பெறுபேற்றுப் பக்கங்களை ஒரு தளத்தில் ஒழுங்காக அமைத்துவிட்டால், அதையே அடுத்த பாடசாலைக்கும் கொண்டு போகலாம்.

கொண்டு போக வேண்டியவை கோப்புகளும் தரவுத்தளமும். கோப்புகளை அப்படியே பிரதி செய்தால் போதும். சிக்கல் தரவுத்தளத்தில்தான். பழைய தளத்தின் முகவரி அதற்குள் எத்தனையோ இடங்களில் பதிந்திருக்கும். சாதாரணமாகத் தேடி மாற்றினால் சில அமைப்புகள் காணாமல் போகும். ஏனென்றால் வேர்ட்பிரஸ் பல அமைப்புகளைச் சேமிக்கும்போது, எழுத்துத் தொடரின் நீளத்தையும் பக்கத்திலேயே எண்ணாகக் குறித்து வைக்கிறது. முகவரி 24 எழுத்திலிருந்து 27 ஆகி, எண் 24 என்றே நின்றால் அந்த அமைப்பை அதனால் வாசிக்க முடியாது. டூப்ளிகேட்டர் போன்ற செருகிகள் எண்ணையும் சேர்த்தே திருத்திவிடும்.

ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தும் மல்டிசைட் வசதி 2010இல் 3.0 பதிப்புடன் வந்தது. எனக்கு அதில் விருப்பமில்லை. அது விழுந்தால் எல்லாப் பாடசாலைகளும் விழும்.

இன்னொன்று, பிரதியோடு பழைய கடவுச்சொற்களும் மாணவர் படங்களும் சேர்ந்தே போகும். ஒரு பாடசாலையின் கடவுச்சொல் கசிந்தால் மற்றவற்றின் கதவும் திறந்துவிடும். அதிபரிடம் கையளிக்கும் முன்பே படங்களை அழித்து, கடவுச்சொற்களையும் அமைப்புக் கோப்பிலுள்ள இரகசியச் சாவிகளையும் மாற்றிவிடுங்கள்.